சாமந்திக்குக் கொஞ்சம் இருட்டு

"ராத்திரி பூரா வெளிச்சம் அடிச்சா அது எப்பிடிக்கா மொட்டு வெக்கும்? அதுக்கும் இருட்டணுமில்ல?" என்று முன்சீட்டில் ஜன்னலோரம் இருந்தவள் சொன்னாள். மடியில் உரப்பையை வைத்திருந்த மற்றவள், "அதைத்தான் சொல்றேன். அந்தக் கம்பெனிக்காரன் காம்பவுண்டு மேல லைட்டு போட்டதுலேர்ந்து சுவத்தோரம் ரெண்டு பாத்தி சாமந்தி இடுப்பு ஒசரம் நிக்குது. ஒரு மொட்டு இல்ல. எங்க வூட்டுக்காரரு போயிக் கேட்டதுக்கு, லைட்டுக்கும் பூவுக்கும் என்னய்யா சம்பந்தம், குடிச்சிட்டு வந்தியாங்கறான். அவரு குடிக்காமப் போனதே அன்னிக்கு ஒரு நாளுதான்," என்றாள். இரண்டு பேரும் தோள் இடிக்கச் சிரித்தார்கள். பஸ் கெலமங்கலம் தாண்டிக்கொண்டிருந்தது. மணி ஐந்து இருபது. எனக்குக் காது சூடானது. யாரோ என் பெயரைச் சொல்லாமல், எனக்குக் கேட்கவேண்டும் என்றே பேசியது போல இருந்தது. அவர்கள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. ஒருத்தி வெற்றிலையில் சுண்ணாம்பு தடவினாள், இன்னொருத்தி ஜன்னல் வழியே துப்பினாள், பேச்சு வேறு எங்கோ, யாரோ ஒரு கொழுந்தனின் கல்யாணத்துக்குப் போய்விட்டது. நான் மட்டும் அந்தப் பேச்சிலேயே நின்றேன். சுவரோரம் இரண்டு பாத்தி. இடுப்பு உயரம். ஒரு மொட்டு இல்லை. எங்கள் வீட்டில் ஒரே பாத்தி. இடுப்பு உயரம் இல்லை, என் முழங்காலுக்கு மேல் ஒரு சாண் இருக்கும். ஒரு மொட்டு இல்லை. அதற்கு நேர் எதிரே வராந்தாச் சுவரில் வெள்ளை எல்.இ.டி. பல்பு, மாலை ஆறு மணிக்குப் போட்டால் மறுநாள் காலை ஆறு மணி வரை. ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது. ஒரு நாள் விட்டதில்லை. போடுவது அம்மா.

அந்தச் செடிகளை மாதேஷ் செடி என்றுதான் நாங்கள் சொல்வோம். என் தம்பி எட்டாவது படிக்கும்போது கூடப் படித்த பையனின் தோட்டத்திலிருந்து ஈரச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்த ஏழு கன்றுகள். சட்டையெல்லாம் செம்மண். அம்மா திட்டிக்கொண்டே கேட்டுக்கும் வராந்தாப் படிக்கும் நடுவில் மண்ணைக் கொத்தி நட்டாள். அதிலிருந்து வருஷா வருஷம் அதே வேலை. பூ முடிந்ததும் மண்ணிலிருந்து நாலு விரல் விட்டு அறுத்துவிட வேண்டும். செத்துப்போனது போலக் கிடக்கும். பிறகு அடியிலிருந்து பக்கக்கன்றுகள் முளைத்து வரும். ஆடியில் அவற்றை வேரோடு பிரித்து நட வேண்டும். ஒரு மாதம் கழித்து நுனியைக் கிள்ள வேண்டும், அப்போதுதான் பக்கவாட்டில் கிளைத்துப் பூ நிறைய வரும். கிள்ளுவது மாதேஷின் வேலை. நகத்தில் பச்சைக் கறையும் அந்தக் கசப்பு வாசனையுமாக வந்து என் மூக்கருகே விரலை நீட்டுவான். ஆடு ஒருதரம் முழுதாகக் கடித்துவிட்டது, மறுபடி வந்தது. கிணறு வற்றிய வருஷம் பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றினோம், அப்போதும் பூத்தது. அப்படிப்பட்ட செடி, அவன் வீட்டை விட்டுப் போன வருஷம் பூக்கவில்லை. இந்த வருஷமும் இல்லை. இலை மட்டும் கரும்பச்சையாய், கை அகலத்துக்கு, பார்ப்பவர்கள் என்ன உரம் போடுகிறீர்கள் என்று கேட்கும்படி. அம்மா எதைத்தான் போடவில்லை. முட்டை ஓடு, வாழைப்பழத்தோல், மக்கிய சாணம், மீன் கழுவிய தண்ணீர், கடையில் விசாரித்து வாங்கிய டி.ஏ.பி. உரம். கண்ணேறு என்று பக்கத்து வீட்டுச் சாலம்மா அக்கா சொன்னதும் அப்பாவின் பழைய செருப்பு ஒன்றைக் குச்சியில் கட்டித் தொங்கவிட்டாள். தினமும் சாயங்காலம் பாத்தியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, தலைக்குப் பேன் பார்ப்பது போல ஒவ்வொரு கிளையாகப் பிரித்து மொட்டு தேடுகிறாள். இன்றைக்குக் காலையில் நான் செருப்பு வாரைப் போட்டுக்கொண்டிருந்தபோது பாத்தியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இதுக்குத் தெரிஞ்சுபோச்சு ரூபா. அவன் வரமாட்டான்னு இதுக்குத் தெரிஞ்சுபோச்சு. நாளைக்கு வேரோட எடுத்துட்டு கீரை வெதைச்சிடறேன்." நான், "பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா," என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகவும் இல்லை, ஸ்டாப்பில் பதினைந்து நிமிடம் நின்றேன்.

வேர் பிடுங்கப்படப்போகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் இரண்டு பேர் பேசியது என் காதில் விழுந்திருக்கிறது. ஆனால் இது எனக்குத் தெரியாத விஷயமா? இதுதான் முள் மாதிரி நிற்கிறது. நான் தாவரவியல் படித்தவள். எம்.எஸ்ஸி. இரண்டாம் வருஷத் தேர்வில் எட்டு மதிப்பெண் கேள்வியாக இதே வந்தது, படம் வரைந்து பாகம் குறித்து எழுதினேன், எட்டுக்கு ஏழரை. நீண்ட இரவு இருந்தால்தான் பூக்கும் செடிகள் உண்டு, இரவின் நடுவே வெளிச்சம் காட்டினால் பகல் இன்னும் முடியவில்லை என்று எண்ணி இலையாகவே விட்டுக்கொண்டிருக்கும். உதாரணம், கிரிசாந்திமம். அப்படித்தான் எழுதினேன், ஆங்கிலத்தில், அடிக்கோடிட்டு. கிரிசாந்திமம் என்றால் சாமந்திதான். ஆனால் அது புத்தகத்தில் இருந்தது, சாமந்தி எங்கள் வாசலில் இருந்தது, இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. அதைவிட மோசம், இப்போது நான் வேலை செய்வதே திசு வளர்ப்பு ஆய்வகத்தில். கண்ணாடிக் குப்பிகளில் ஜெர்பெரா பூச்செடியும் வாழையும் அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொரு அடுக்குக்கும் மேலே டியூப் லைட், சுவரில் டைமர். பதினாறு மணி நேரம் வெளிச்சம், எட்டு மணி நேரம் இருட்டு. டைமர் சரியாக ஓடுகிறதா என்று காலையில் பார்த்துக் கையெழுத்துப் போடுவது நான். ஒரு வருஷமும் இரண்டு மாதமும், ஒவ்வொரு நாளும், இருட்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து அந்தப் பல்பின் கீழே செருப்பைக் கழற்றியிருக்கிறேன். தெரியாமலா இருந்தேன்? அல்லது தெரிந்து, தெரிந்ததை எங்கேயோ ஒரு குப்பிக்குள் போட்டு மூடி வைத்திருந்தேனா? தெரிந்தால் சொல்லவேண்டும். சொன்னால் அந்த விளக்கைத் தொடவேண்டும். அந்த விளக்கைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

மாதேஷ் வீட்டில் இருந்தவரை வாசலில் மஞ்சள் ஜீரோ வாட் பல்புதான். பத்து மணிக்கு அணைத்துவிட்டுப் படுப்போம். மாதேஷ் போன இரவு மழை, எட்டரை மணிக்கே கரண்ட் போய்விட்டது. அவன் கோபித்துக்கொண்டு போனான், ஊரைச் சுற்றிவிட்டு வருவான் என்று நாங்கள் மூன்று பேரும் மூன்று மூலையில் இருட்டில் கிடந்தோம். மெழுகுவத்தி இருந்தது. யாரும் எழுந்து ஏற்றவில்லை. ஏற்றினால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேண்டும். நான் கண்ணை மூடவில்லை. அம்மாவும் மூடவில்லை, அவள் வளையல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்பா விழித்திருந்தார் என்பது அவர் இருமாமல் இருந்ததிலேயே தெரிந்தது. காலையில் சாலம்மா அக்கா சுவருக்கு மேலாகத் தலையை நீட்டி, "ராத்திரி ஒரு ரெண்டு மணி இருக்கும் கோவிந்தம்மா, நாய் கொலைச்சுதுன்னு பாத்தேன். உங்க கேட்டாண்ட ஒரு ஆளு நின்னுகிட்டிருந்தான். நம்ம மாதேஷாட்டம்தான் இருந்துச்சு. வூடு இருட்டா கெடந்துச்சா, கொஞ்ச நேரம் நின்னுட்டு அப்பிடியே போயிட்டான்," என்றாள். அம்மா அதைக் கேட்டபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "முழிச்சுகிட்டுதானே இருந்தோம்," என்றாள். "மூணு பேரும் முழிச்சுகிட்டுதானே இருந்தோம்." அன்று முழுக்க அதையே சொன்னாள், சாலம்மாவிடம், சுவரிடம், அடுப்பிடம். அப்பா லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், முப்பது வருஷம் மழையில் கம்பம் ஏறி ஊர் வீடுகளுக்கெல்லாம் வெளிச்சம் கொடுத்தவர். அவர் கடைக்குப் போய்ப் பெரிய வெள்ளை பல்பு வாங்கிவந்து, ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினார். கரண்ட் போனாலும் எரியட்டும் என்று பழைய பேட்டரி ஒன்றிலிருந்து அதற்குத் தனியாக வயர் இழுத்தார். யாரும் அணைத்துவிடாதபடி அம்மா ஸ்விட்ச் மேல் கறுப்பு டேப் ஒட்டினாள். ஆறு மணிக்கு டேப்பைப் பிரித்துப் போடுவாள், திரும்ப ஒட்டுவாள். தெருமுனையில் திரும்பும்போதே எங்கள் வீடு கண்ணைக் குத்தும். ராத்திரி மூன்று தரமாவது எழுந்து எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் படுக்கிறாள். எழுந்திருக்கும்போது மூட்டு நெட்டி முறியும், அந்தச் சத்தத்தில் நானும் விழித்துக்கொள்வேன், ஆனால் விழித்தது தெரியாமல் கிடப்பேன்.

அவன் போனது என்னால். அதை யாரும் சொன்னதில்லை. அம்மா சொன்னதில்லை, அப்பா சொன்னதில்லை, அதனாலேயே நான் தினம் சொல்லிக்கொள்கிறேன். அதற்கு நாலு நாள் முன்பு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு செல்போன் கடைக்குள் அவனைப் பார்த்தேன். கல்லாவுக்குப் பின்னால் குனிந்து யாருடைய போனுக்கோ கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தான். காலேஜ் நேரம். விசாரித்தால் நாலு மாதமாக அங்கேதான் இருக்கிறானாம். அவனிடம் நான் கேட்கவில்லை, கேட்க வெட்கமாக இருந்தது, அவன் மாட்டிக்கொண்டதற்கு நான் வெட்கப்பட்டேன். அவன் போன அன்றைக்கு ராத்திரி எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும்போது அப்பா, "படிப்பெல்லாம் எப்படிப் போகுது," என்றார். அவன், "நல்லா போகுதுப்பா," என்றான். நான் ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். "அவன் காலேஜுக்கே போறதில்லப்பா," என்றேன். மூன்றே சொல். வேண்டுமென்று சொல்லவில்லை. கோபத்தில் சொல்லவில்லை. தவறாக எழுதிய ஒரு விடையைத் திருத்துவது போல வாயிலிருந்து வந்துவிட்டது. அதுவரை அந்த வீட்டில் நான் வாயைத் திறந்து ஏதாவது சொன்னால் யாருக்கும் கேட்டதே இல்லை, இரண்டாம் தரம் சொல்லவேண்டியிருக்கும். அன்றைக்கு முதல் தரமே கேட்டது. அப்பா சோற்றுக்கையோடு எழுந்து அவனை அறைந்தார். அவர் கை அதற்கு முன்பு அவன்மேல் பட்டதில்லை. மாதேஷின் கன்னத்தில் ஒரு பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் அதைத் துடைத்தான். அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். ஏன்க்கா என்று கேட்கிற மாதிரியும் இல்லை, வெறுமனே, இது நீயா என்று சரிபார்க்கிற மாதிரி. பிறகு கரண்ட் போனது. செருப்புச் சத்தம், கேட்டின் கொண்டிச் சத்தம். அந்த இருட்டில் அப்பா கை கழுவினாரா என்று எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து அவர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விடுவார். மாதேஷின் போன் நம்பர் உபயோகத்தில் இல்லை. பெங்களூரில் பார்த்ததாக ஒருத்தன் சொன்னான், அப்புறம் அவனே அது வேறு ஆளோ என்னவோ என்றான்.

ஆக, நான் உள்ளதைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அம்மா, லைட்டை அணைச்சா பூக்கும். அப்படி ஆரம்பிக்கலாமா. அணைச்சா என்ற சொல்லைக் கேட்டதுமே அவள் முகம் மூடிக்கொள்ளும், பூக்கும் என்பது காதில் ஏறாது. அம்மா, செடி மேல தப்பில்ல. அப்படியென்றால் யார் மேல் தப்பு என்பாள். அம்மா, நீ போடற வெளிச்சத்துலதான். ஐயோ, இது வேண்டவே வேண்டாம். அவன் வரவேண்டும் என்று நீ ஏற்றிவைத்ததுதான் அவன் செடியைப் பூக்கவிடாமல் செய்தது என்று பெற்றவளிடம் எந்த வாயால் சொல்வது. சாக்குப் போட்டு மூடலாமா? ஏன் மூடணும் என்று கேட்பாள். ஐப்பசி மழையில் ஈரச் சாக்கு இலைமேல் கிடந்தால் அழுகல் வரும். பெயர்த்து வீட்டுக்குப் பின்னால் நடலாமா? இந்த நேரத்தில் வேரைத் தொட்டால் இந்த வருஷப் பூ போனதுதான். எதைச் செய்தாலும் முதலில் வாயைத் திறக்கவேண்டும். திறக்காமல் செய்ய முடிவது ஒன்றே ஒன்று, யாரும் பார்க்காதபோது பல்பைக் கொஞ்சம் திருப்பித் தளர்த்திவிடுவது. முதல்தரம் எழும்போதே பார்த்துவிடுவாள். இருட்டைப் பார்த்ததும் வாசலுக்கு ஓடுவாள், அந்த மூட்டோடு. முதலில் இது உண்மைதானா என்று உறுதி செய்யவேண்டும். ஒரு பல்பு போதுமா? அவர்கள் சொன்னது பெரிய கம்பெனி விளக்கு. எத்தனை அடி உயரம், எத்தனை அடி தள்ளி? கேட்டுவிடலாம். அக்கா, ஒரு நிமிஷம். அவ்வளவுதான். முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாக்கின் நுனியில் அக்காவை வைத்துக்கொண்டு மூன்று ஸ்டாப் போனேன். ஜன்னலோரத்தவளின் பிடரியில் ஒரு மச்சம், காதுக்குப் பின்னால் செருகிய பூக்கட்டும் நூல், தலையில் மஞ்சள் சாமந்தி நாலு. சொல்லப்போனேன். அவளே திரும்பிவிட்டாள். "இன்னா பாப்பா, கழுத்துல மூச்சு வுடற? எறங்கணுமா?" "இல்லக்கா," என்றேன். அவர்கள் இரண்டு ஸ்டாப் தள்ளி உரப்பையை இறக்கிக்கொண்டு இறங்கிப்போனார்கள். நான் காலி சீட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். இரண்டு இதழ் கிடந்தது. எடுத்துக்கொண்டேன், ஏன் என்று தெரியவில்லை.

நான் இறங்கும்போது ஆறுக்குப் பத்து. தெரு இன்னும் சாம்பல் நிறத்தில் இருந்தது. மேற்கே மேகம் கூடியிருந்தது. மெதுவாக நடந்தால் ஆறு ஆகிவிடும், அவள் போட்டுவிடுவாள், போட்ட பிறகு எதற்குச் சொல்வது, நாளைக்குச் சொல்லலாம். நாளைக்குக் கீரை. வேகமாக நடந்தால் போடுமுன் போய்விடலாம், போடுமுன் சொல்வது சுலபமா, போட்டதை அணைக்கச் சொல்வது சுலபமா? இப்படியே யோசித்துக்கொண்டு மெதுவாகவும் இல்லாமல் வேகமாகவும் இல்லாமல் நடந்தேன். கேட் திறந்துதான் இருந்தது. அம்மா பாத்தியோரம் குந்தியிருந்தாள். பக்கத்தில் களைக்கொத்து. நாளைக்கு என்றாள், இன்றைக்கே எடுத்து வைத்துவிட்டாள். அப்பா வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் காலையில் படித்த பேப்பரை மறுபடி படித்துக்கொண்டிருந்தார். சுவருக்கு மேலே சாலம்மா அக்காவின் தலை. "சிறுகீரையே போடு கோவிந்தம்மா, எனக்கும் ஒரு கட்டு ஆகும். நீ இந்தச் செடிக்குப் பண்ணின சேவைக்கு ஒரு மாப்பிள்ளையை வளத்திருக்கலாம், ரூபாவுக்காச்சும் ஆயிருப்பான்," என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். அம்மா சிரிக்கவில்லை. "வந்துட்டியா, காபி மூடி வச்சிருக்கேன்," என்று முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள். நெட்டி முறிந்தது. நேராகப் போய் டேப்பைப் பிரித்து ஸ்விட்சைப் போட்டாள். வெளிச்சம் பாத்திமேல் தண்ணீர் ஊற்றினது போல விழுந்தது, இலையெல்லாம் ஒரே நேரத்தில் வெளுத்தன. நான் இத்தனை நாள் பார்க்காத ஒன்றை அப்போது பார்த்தேன். வராந்தாத் தூணின் நிழல் பாத்தியின் கடைசியில் ஒரு கறுப்புப் பட்டையாக விழுந்து சுவர் வரைக்கும் போனது. அந்த மூலையில் மாதேஷின் சைக்கிள் சாய்த்து நிற்கிறது. அதை யாரும் நகர்த்துவதில்லை, அதனால் அதன் பின்னால் யாரும் பார்ப்பதில்லை. பையைப் படியில் வைத்துவிட்டுப் போய்க் குனிந்து சைக்கிள் சக்கரத்துக்குள் கையை விட்டேன். தானாக ஓடிவந்து முளைத்த மூன்று பக்கக்கன்றுகள். தண்ணீர் இல்லை, உரம் இல்லை, ஒரு சாண் உயரம்கூட இல்லை. நுனியில் தடவினால் விரலில் உருண்டையாக இடறியது. ஒன்று, இரண்டு. அடுத்த கிளையில் நாலு. சுண்டைக்காயில் பாதி இருக்கும், பச்சைப் போர்வைக்குள் இறுக்கமாக.

"ம்மா," என்றேன். வழக்கம்போலக் கேட்கவில்லை. "ம்மா, இங்க வா." அவள் வந்து குனிந்தாள். என் விரலைப் பிடித்துக்கொண்டு அவள் விரல் தடவியது. "இது வேற செடி போல," என்றாள் கடைசியில், பயந்துபோன குரலில். "இல்லம்மா. அதே செடிதான். அதோட பக்கக்கன்னு." "அப்ப அது ஏன்?" என்று பெரிய பாத்தியைக் காட்டினாள். இதுதான் அந்த இடம் என்று எனக்குத் தெரிந்தது. ரசத்தில் விரல் இருக்கிற இடம். கன்னத்தில் பருக்கை ஒட்டப்போகிற இடம். காபி ஆறிவிடும் என்று சொல்லிவிட்டு உள்ளே போகலாம். எனக்குத் தெரியலம்மா என்று சொல்லலாம், எட்டுக்கு ஏழரை வாங்கியவள் சொல்லலாம். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் தூணின் நிழலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "சாமந்திக்கு ராத்திரி இருட்டு வேணும்மா. இருட்டு இருந்தாத்தான் மொட்டு வைக்கும். இந்த மூணு மட்டும் நிழல்ல இருக்கு, பாரு. இப்பவே லைட்டை நிறுத்தினா தை மாசத்துக்குள்ள எல்லாம் பூத்துடும்." ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. சுவருக்கு மேலே சாலம்மா அக்காவின் தலையைக் காணோம். அம்மா நிழலையும் பல்பையும் மாறி மாறிப் பார்த்தாள். தூணிலிருந்து மூலைவரை விரலால் காற்றில் ஒரு கோடு இழுத்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது அவள் கழுத்திலிருந்து மேலே ஏறி முகத்துக்கு வந்ததை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். "அப்ப நான்தானா," என்றாள். "நீ இல்லம்மா." "நான்தான் ரெண்டு வருஷமா." "ம்மா, அதுக்குத் தெரியாது. அது பகல்னு நினைச்சுக்குது, அவ்வளவுதான்." அவள் கீழே உட்கார்ந்தாள். களைக்கொத்தைக் கையில் எடுத்தாள், மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, கணக்குத் தெரியாத பிள்ளை வாத்தியாரிடம் கேட்பது போலக் கேட்டாள்: "அணைச்சுட்டு, அவன் வந்துட்டா? வந்து பாத்துட்டு, தூங்கிட்டாங்கன்னு போயிட்டா?" சைக்கிள் பெல்லின் துருவை நகத்தால் சுரண்டினேன். பேப்பர் மடிக்கும் சத்தம் கேட்டது. அப்பா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை. "ரூபா," என்றார், "எத்தனை நாள் இருட்டு வேணும் அதுக்கு?" ஒரு வருஷமாக அப்பா என்னிடம் கேட்ட முதல் கேள்வி. "மொட்டு வைக்க மூணு வாரம்ப்பா. மலர்ற வரைக்கும்னா ரெண்டு மாசம்." "நடுவுல ஒரு நாள் போட்டா?" "போடாம இருந்தா நல்லதுப்பா." அவர் தலையாட்டினார். எழுந்து சுவரருகே போய் ஸ்விட்சை அணைத்தார். பாத்தி கறுத்தது, அம்மா கறுத்தாள், தெரு மட்டும் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்தது. அவர் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார். பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பாத்தியை மிதிக்காமல் ஓரமாக நடந்து, கேட்டை அகலத் திறந்து, தெருமுனையைப் பார்க்க நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.